உப்புக்காற்றில் ஆறு மாதம்: டிராக்டரையும் கருவிகளையும் நிறுத்திவைப்பது, திரும்ப எடுப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசியில் அறுப்பு ஓய்ந்ததும் ஓரங்கட்டிய டிராக்டர், ஆவணியில் புழுதி உழவுக்கு எடுக்கும்போது மக்கர் செய்வது நம் கரையோரத்தில் வருடா வருடம் நடக்கிற கதை. தொண்டி, தேவிபட்டினம் பக்கமிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை பட்டறைக்கு வருகிற விவசாயிகள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நம் ஊரில் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். கெடுப்பது உப்பு. நிறுத்துகிற அன்றைக்கே அதைக் கழுவி எடுத்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

நம்ம பக்கம் எந்த மாசத்துல நிறுத்தி எந்த மாசத்துல எடுக்கணும்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் நெல் ஒரு போகம்தான். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்து, தை, மாசியில் அறுப்போம். பங்குனி தொடங்கி ஆடி வரை உழவுக் கருவிகளுக்கு வேலையே கிடையாது. முண்டு மிளகாயும் பருத்தியும் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பிரேயரும் ஆயில் என்ஜினும் கொஞ்ச நாள் கூடுதலாக ஓடும்.

கடைசி வேலை முடிந்த வாரமே நிறுத்துகிற வேலையைத் தொடங்கிவிடுங்கள். 'கல்யாணம் ஒண்ணு இருக்கு, முடிச்சுட்டுப் பாக்கலாம்' என்று சேற்றோடு விட்ட ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி), பங்குனி வெயிலில் சேறு காய்ந்து கல்லாகி, அதற்குள்ளேயே துருவேறி நிற்கும். எடுப்பதற்கு ஆடிப்பெருக்கைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குத் திறந்து பார்த்தால், ஏதாவது பாகம் வாங்க வேண்டியிருந்தாலும் முதல் மழைக்குள் வந்து சேர்ந்துவிடும். ஆவணிக் கடைசியில் திறந்தால் ஊர் முழுக்க ஒரே மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருக்கும்.

கடல்ல இருந்து எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் எங்க ஊரு. எங்களுக்குமா உப்பு?

ஆமாம். கரையிலிருந்து விலக விலகக் குறையும் என்பது உண்மை. ஆனால் காற்றுக் காலத்தில் உப்புத் தூசி பல கிலோமீட்டர் உள்ளே வரும். ஒரு வாரம் ஓடாமல் நின்ற டிராக்டரின் மட்கார்டுக்கு அடியில், மழை படாத இடமாகப் பார்த்து, ஈர விரலால் ஒரு இழுப்பு இழுத்து நாக்கில் வையுங்கள். கரித்தால் உப்பு இருக்கிறது. பானட்டின் மேல்புறத்தில் பார்க்காதீர்கள், அங்கே பனியும் மழையும் கழுவியிருக்கும். மட்கார்டின் அடிப்புறம், ரேடியேட்டர் ஜாலி, டாப் லிங்க் கொக்கி மாட்டும் இடம், சீட்டுக்குக் கீழே என்று மழை எட்டாத இடங்களில்தான் அதிகம் சேரும்.

கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நம் கரையோரத்தில் சித்திரை வெயிலிலும் காற்றின் ஈரம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். கண்ணுக்குக் காய்ந்து தெரிகிற இரும்பு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்பு நீர்ப்படலத்துக்கு அடியில் இரவு பகலாக அரித்துக்கொண்டே இருக்கும்.

பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914-இல் திறந்த பாலம், அதற்கென்றே ஆள் வைத்து ஓயாமல் பெயின்ட் அடித்தும், அரிப்பினால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. அதே காற்றில்தான் உங்கள் கலப்பையும் நிற்கிறது.

போர்த் தண்ணியில நல்லா அடிச்சுக் கழுவிட்டா போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் பேசுவேன். கரையோரத்தில் பெரும்பாலான போர்த் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் சேறு போகும், உப்பு போகாது. புதிதாக ஒரு பூச்சு உப்பு ஏறும். குடிக்க முடியாத தண்ணீரை வண்டிக்கும் ஊற்றாதீர்கள் என்பதுதான் என் கணக்கு.

அதற்காக முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு நம் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சேற்றைக் கரண்டியாலும் கம்பி பிரஷ்ஷாலும் முதலில் காய்ந்தபடியே சுரண்டி எடுங்கள். மிச்சச் சேற்றுக்குப் போர்த் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசல் மட்டும் ஊருணித் தண்ணீரிலோ தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரிலோ இருக்க வேண்டும். கைத்தெளிப்பானில் நிரப்பி மேலிருந்து கீழாகத் தெளித்தால், ஒரு டிராக்டருக்கும் ஒரு ரொட்டவேட்டருக்கும் நாலைந்து குடம் போதும். அலசியதும் அன்று முழுக்க வெயிலில் காய விடுங்கள். ஈரத்தோடு மூடவே கூடாது.

வாட்டர் சர்வீஸில் கொடுப்பவர்கள் முதலில் அங்கே என்ன தண்ணீர் என்று கேளுங்கள். அழுத்தமான பீய்ச்சலை டைனமோ, செல்ஃப் மோட்டார், டேஷ்போர்டு, முன்சக்கர ஹப், பி.டி.ஓ. (பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சீல் இவற்றுக்கு நேராகப் பிடிக்கவிடாதீர்கள். சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. கழுவி முடித்ததும் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதுசு தெரிகிற வரை அடித்தால்தான் உள்ளே போன ஈரமும் சேர்ந்து வெளியேறும்.

கலப்பைக்கு எடுத்த கருப்பு ஆயிலைத் தடவுறது வழக்கம். சரிதானா?

வெறும் இரும்பாக விடுவதற்கு அது மேல். ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். என்ஜினில் ஓடிப் பழுத்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், கரியும் நுண்ணிய உலோகத் தூளும் இருக்கும். அதை மண்ணில் இறங்குகிற கொழுவில் தடவினால், முதல் உழவில் உங்கள் வயலுக்கே போய்ச் சேரும். தோலில் படுவதும் நல்லதில்லை. புது கிரீஸையோ, கியருக்கு ஊற்றும் 90 நம்பர் ஆயிலையோ மெல்லிசாகத் தடவுங்கள். மண்ணில் தேய்ந்து பளபளவென்று இருக்கும் கொழு, சட்டிக் கலப்பையின் சட்டி, ரொட்டவேட்டர் கத்தி எல்லாவற்றுக்கும் கிரீஸ்தான் ஆறு மாதம் தாங்கும். ஆயில், வெயிலில் இரண்டு மாதத்திலேயே வழிந்துவிடும்.

பெயின்ட் உரிந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே பெயின்ட் ஒரு கோட் அடியுங்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

என்ஜின் ஆயிலை நிறுத்தும்போது மாத்தணுமா, எடுக்கும்போது மாத்தணுமா?

நிறுத்தும்போது. மேலே சொன்ன அமிலம் ஆறு மாதம் பேரிங்கில் ஊறக் கூடாது. வண்டியை ஓட்டிச் சூடேற்றி, சூட்டோடு பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். எடுக்கும்போது அளவு மட்டும் பார்த்தால் போதும். ஆயில் வெண்ணெய் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யக் கூடாது.

டீசல் டேங்க் காலியா இருக்கணுமா, ரொப்பி வைக்கணுமா?

கழுத்து வரை ரொப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால் அங்கே ஈரக் காற்று நிற்கும். இரவில் டேங்க் குளிரும்போது அது நீர்த்துளியாகி டீசலுக்கு அடியில் இறங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளரும். டீசலில் வரும் தண்ணீரும் கசடும் தங்கும் செடிமென்ட் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று வருமே, அது அழுக்கு மட்டும் இல்லை, அங்கே வளர்ந்ததும்தான். அது ஃபில்டரை அடைக்கும், பம்புக்குள் போனால் பெரிய செலவு.

ரொப்புவதற்கு முன்னால் கிண்ணத்தையும் ஃபில்டர் அடித் திருகையும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். நன்றாக மூடிவைத்த டீசல் ஆறு மாதம் தாராளமாக இருக்கும். வருடம் தாண்டினால் அதைப் புது டீசலோடு கலந்து தீர்த்துவிடுவது நல்லது.

பெட்ரோல் கருவிக்கும் அதே மாதிரிதானே?

நேர் எதிர். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் மெஷின், சின்ன பெட்ரோல் பம்ப் எதுவானாலும் டேங்க்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு, கார்பரேட்டரையும் வற்றச் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு சின்ன ஸ்பூன் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள்.

ரேடியேட்டருக்கு நம்ம ஊர்ல கூலன்ட் எதுக்கு? பனியா உறையப் போகுது?

உறையாமல் இருப்பதற்கு மட்டும் கூலன்ட் இல்லை. அதில் துருத் தடுப்பான் இருக்கிறது, நமக்கு அதுதான் வேண்டும். போர்த் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாய் அடைபடும், வாட்டர் பம்பும் அரிக்கும். கம்பெனி சொல்லும் கூலன்ட்டை, அதன் மேல் எழுதியிருக்கும் விகிதத்தில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து நிறைத்து வையுங்கள்.

பேட்டரியைக் கழற்றணுமா?

கழற்றுங்கள். முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில். ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை. வெந்நீர் ஊற்றி முனையிலிருக்கும் வெள்ளைப் பூப்பைக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து, முழுச் சார்ஜ் ஏற்றி வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள்.

வெயில் கூடினால் பேட்டரி தானாக இறங்கும் வேகமும் கூடும். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் இறுகி, அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. 'சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும்' என்பது பழைய ரப்பர் பெட்டி பேட்டரிக் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

கிளட்ச் ஒட்டிக்கிது. வருஷா வருஷம் இதே தொல்லை.

கரையோரத்துக்கே உரிய தொல்லை இது. வண்டி நிற்கும்போது கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு அழுத்தப்பட்டே இருக்கும். ஈரக் காற்றில் ஃப்ளைவீல் முகத்தில் துரு பூத்து, பிளேட்டைப் பசைபோட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். தடுப்பது சுலபம்: நிறுத்தும்போது பெடலை முழுக்க மிதித்து, அது எழும்பாதபடி ஒரு கட்டைத் துண்டை முட்டுக் கொடுத்து விடுங்கள். சில மாடல்களில் இதற்கென்றே ஒரு கொக்கி இருக்கும்.

ஒட்டிவிட்டது என்றால் பெடலை மிதித்துவைத்தபடியே செல்ஃப் அடித்துக் கியரில் தூக்கிவிடுகிற வேலை வேண்டாம். வண்டி சட்டென்று பாய்ந்து கொட்டகைச் சுவரோடு ஆளையும் சேர்த்து நசுக்கும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து என்ஜினை நன்றாகச் சூடேற்றி, பெடலைப் பலமுறை மிதித்து விட்டுப் பாருங்கள். பல நேரம் அதிலேயே விட்டுக்கொடுக்கும். கேட்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டயருக்கு என்ன பண்ணணும்?

முதலில் சீமைக்கருவேல முள் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒடிந்து உள்ளே நிற்கும் முள், வண்டி நிற்கும்போதும் மெல்ல மெல்ல ட்யூப்பைத் தொடும். அப்புறம் ஆக்ஸிலுக்கு அடியில் கட்டையோ கல்லோ கொடுத்துச் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி வையுங்கள். ஜாக்கி மேல் நிறுத்தி வைக்காதீர்கள். தூக்க முடியாதவர்கள் காற்றைச் சரியாக அடித்து, மாதம் ஒருமுறை வண்டியை அரைச் சக்கரம் உருட்டி விடுங்கள். வெயில் படும் பக்கத்தில் சாக்குப் போட்டு மறையுங்கள். பின் டயரில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருப்பவர்கள், அது உவர்த் தண்ணீர் என்றால் வால்வு கசிகிறதா பாருங்கள். கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும்.

நல்ல தார்ப்பாயா வாங்கி இறுக்கிக் கட்டிட்டா கொட்டகை தேவையில்லைதானே?

இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் தார்ப்பாய்தான் நான் பார்த்த துருவிலேயே மோசமான துருவுக்குக் காரணம். பகலில் உள்ளே வேகும், இரவில் வேர்க்கும். தரையிலிருந்து எழும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் வண்டி மேலேயே படியும். தார்ப்பாய்தான் போட முடியும் என்றால் நாலு கம்பு நட்டு, வண்டியைத் தொடாமல் பந்தல் மாதிரி கட்டுங்கள்.

நம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. பனையோலைக் கொட்டகை இதற்கு மிகவும் பொருத்தம். மழை இறங்காது, காற்று ஓடும், தகரம்போல் கொதிக்காது. தரையில் ஒரு சாண் உயரம் கிராவல் போட்டு மேடாக்கிவிட்டால் ஈரம் ஏறாது. ஆட்டுக்கொட்டத்திலும், உரமூட்டை அடுக்கிய இடத்திலும் நிறுத்தாதீர்கள். மூத்திரத்தின் அம்மோனியா ஆவி பித்தளையையும் ஒயரையும் அரிக்கும், உரத் தூசி இரும்பை அரிக்கும்.

எந்தப் பக்கம் அடைப்பது என்பதுதான் முக்கியம். நமக்கு இரண்டு கடல். மன்னார் வளைகுடா பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரிசையில், வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. கடல் கொந்தளித்து உப்புத் தூவல் கிளம்புவது அப்போதுதான், டிராக்டர் நிறுத்தியிருப்பதும் அப்போதுதான். அவர்கள் தெற்கையும் மேற்கையும் நன்றாக அடைத்து, வடக்கைத் திறந்துவிட வேண்டும். பாக் நீரிணைப் பக்கம், தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வரிசையில், வாடைக்காற்றுக் காலமான ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் உப்பு அதிகம். அப்போது டிராக்டர் வேலையில் இருக்கும். வேலை இல்லாமல் நிற்கிற விதைப்புக் கருவிக்குத்தான் வடகிழக்கு மூலையை அடைக்க வேண்டும். பக்கத்து ஊரில் கட்டியிருக்கிற மாதிரியே கட்டாமல், உங்கள் ஊருக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கடலுக்குப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கட்டுங்கள்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுறேன். நல்லதுதானே?

ஐந்து நிமிடம் ஓட்டுவதற்கு ஓட்டாமலே இருக்கலாம். டீசல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. என்ஜின் முழுச் சூடு ஏறினால் ஆவியாகி வெளியே போகும். ஏறும் முன் அணைத்தால் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும். ஓட்டுவதென்றால் மாதம் ஒருமுறை அரை மணி நேரம், கொஞ்சம் உருட்டி, ஹைட்ராலிக்கைத் தூக்கி இறக்கி, முழுச் சூட்டில் ஓட்டுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், மேலே சொன்னபடி ஒழுங்காக நிறுத்திவிட்டுத் தொடாமல் இருங்கள்.

ரொட்டவேட்டர், கலப்பை, விதைப்புக் கருவிக்குத் தனியா ஏதாவது?

எல்லாவற்றையும் டிராக்டரிலிருந்து கழற்றி, பலகையோ பனைத் துண்டமோ போட்டு அதன்மேல் இறக்கி வையுங்கள். ஹைட்ராலிக்கில் தொங்கவிட்டு வைக்கக் கூடாது. சீலுக்கும் கேடு, அடியில் விளையாடும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

ரொட்டவேட்டரில் ரோட்டர் இரு முனையிலும் நூல், வைக்கோல், பிளாஸ்டிக் கயிறு சுற்றிக்கொண்டு சீலுக்குள் புகுந்திருக்கும். அரிவாளால் அறுத்து எடுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலில் தண்ணீர் இருந்தால் மாற்றுங்கள். தேய்ந்த கத்தியை இப்போதே எண்ணி எழுதி வையுங்கள்.

விதையும் உரமும் சேர்த்துப் போடும் கருவிதான் இருப்பதிலேயே சீக்கிரம் செத்துப்போவது. பெட்டி மூலையில் ஒட்டியிருக்கும் டி.ஏ.பி., பொட்டாஷ் காற்றீரத்தில் கசிந்து தகரத்தைத் துளைத்துவிடும். பொட்டாஷும் ஒரு குளோரைடு உப்புதான். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் கடைசிக் குருணை வரை தட்டி எடுங்கள். எடுத்த பிறகே தண்ணீர் விடுங்கள், முன்னாலேயே விட்டால் உரம் கரைந்து இடுக்கெல்லாம் போய் ஒளிந்துகொள்ளும். உரம் தள்ளும் உருளையைக் கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். விதைக் குழாயை உருவி மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள், எலிக்கு அது பிடித்த இடம். கதிரடிக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் பெல்ட்டைத் தளர்த்தி விடுங்கள்.

ஸ்பிரேயரை நல்லா அலசி வச்சிட்டேன். வேற?

எதை அடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நெல்லில் 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்க்கைச் சும்மா அலசிவிட்டு, அதே டேங்க்கில் பருத்திக்கோ மிளகாய்க்கோ மருந்து அடித்தால், மிச்சமிருக்கும் துளியே இலையைச் சுருட்டிவிடும். பருத்திக்கு அந்த மருந்து கொஞ்சமும் ஆகாது. மூன்று முறை அலசி, 10 லிட்டருக்கு 100 கிராம் வாஷிங் சோடா கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, நாசில் வழியாகவும் அதைப் பீய்ச்சி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசிய தண்ணீரை ஊருணி, கண்மாய்ப் பக்கம் ஊற்றவே கூடாது. முடிந்தவர்கள் களைக்கொல்லிக்கென்று தனி ஸ்பிரேயர் வைத்துவிடுங்கள், முண்டு மிளகாய் போடுகிறவர்களுக்கு அது நஷ்டமில்லை. பேட்டரி ஸ்பிரேயர் என்றால் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

ஆயில் என்ஜின், கரண்ட் மோட்டார்?

ஆயில் என்ஜினில் பம்ப் கூட்டிலும் என்ஜின் ஜாக்கெட்டிலும் இருக்கும் தண்ணீரை முழுக்க இறக்குங்கள், உவர்த் தண்ணீர் இறைத்திருந்தால் நல்ல தண்ணீர் விட்டு அலசி இறக்குங்கள். காற்று உறிஞ்சும் வழியில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கைப்பிடியால் சுற்றி, அழுத்தம் தட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போகாது.

கரண்ட் மோட்டாரை, மாதக்கணக்கில் நின்ற பிறகு எடுத்த எடுப்பில் சுவிட்ச் போடாதீர்கள். தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து மெக்கர் (மின்கசிவுத் தடையை அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்த்தால், சுருளுக்கும் பாடிக்கும் நடுவே 1 மெகாஓமுக்குக் குறைவாக இருந்தால் ஈரம் இறங்கியிருக்கிறது. காயவைத்து மறுபடி பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

எலி ஒயரைக் கடிச்சுருது. வழி உண்டா?

சுற்றி வைக்கோல் போர், நெல் மூட்டை இல்லாமல் பாருங்கள். சைலன்சர் வாயையும் காற்று வடிகட்டி வாயையும் தகரமோ துணியோ வைத்து மூடி, மூடியதை ஒரு சிவப்புத் துணியில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள், திறக்கிற அன்றைக்கு யார் எடுத்தாலும் தெரியட்டும். கிளட்சுக்குக் கட்டை கொடுத்திருப்பதையும் அந்தத் துணியில் எழுதிவிடுங்கள். டீசல் டேங்க் மூடியில் காற்றுப் போகும் சின்ன ஓட்டையில் குளவி மண் வைக்கும், அதை எடுக்கும்போது பாருங்கள்.

சரி, ஆடியில எடுக்குறோம். எதுல ஆரம்பிக்கணும்?

சாவியைத் தொடாமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பானட்டைத் திறக்கும்போது கையை முதலில் விடாமல் கம்பால் தட்டுங்கள், பாம்பு சுருண்டு கிடக்க வாய்ப்புண்டு. சிவப்புத் துணியில் எழுதியதையெல்லாம் கழற்றுங்கள். தரையில் ஆயில் திட்டு, கூலன்ட் திட்டு இருக்கிறதா பாருங்கள். என்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் அளவு பார்த்து, காற்று வடிகட்டிக் கிண்ணத்தில் ஆயில் பழையது என்றால் மாற்றுங்கள். செடிமென்ட் கிண்ணத்தில் தண்ணீரை வடியுங்கள். டயருக்குக் காற்று, பேட்டரிக்குச் சார்ஜ், ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு.

வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அடைத்த இடத்தில் புகை ஆளைக் கொல்லும். நியூட்ரலில், ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல் 10 வினாடி செல்ஃப் அடியுங்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. ஆறு மாதத்தில் பேரிங்கிலிருந்து வழிந்துபோன ஆயில் இதில் திரும்ப மேலேறும். அப்புறம் ஸ்டாப்பை விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு சில வினாடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் பத்து நிமிடம் மெதுவாகவே ஓடட்டும். எடுத்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதுதான் நம் பக்கம் பெரிய கெட்ட பழக்கம்.

செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல.

பெரும்பாலும் டீசல் லைனில் காற்று. ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்போது இறுக்குங்கள். இரண்டாவது ஃபில்டர், அப்புறம் பம்ப் என்று வரிசையாகப் போங்கள். பழைய வகை என்ஜினில் கடைசியாக நாசில் பைப் நட்டைத் தளர்த்துவார்கள். அப்போது முகத்தையும் கையையும் தள்ளி வையுங்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். 2023 முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்தபின் காமன் ரயில் என்ஜின்கள் (ஒரே பொதுக் குழாயில் மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கி நாசில்களுக்கு அனுப்புபவை) புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றில் நாசில் பைப்பைக் கையால் தொடவே வேண்டாம்.

செல்ஃப் சுற்றவே இல்லை, பேட்டரியும் நன்றாக இருக்கிறது என்றால் என்ஜின் இறுகியிருக்கலாம். இன்னொரு டிராக்டரை வைத்து இழுத்து விடாதீர்கள். ரிங் ஒடியும், கனெக்டிங் ராடு வளையும். நாசிலைக் கழற்றி ஆயில் விட்டு ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பதுதான் முறை.

வெள்ளத்துல கடல் தண்ணி ஏறி வண்டி முங்கிருச்சுன்னா?

சாவி போடக் கூடாது, பேட்டரியை முதலில் கழற்றுங்கள். தண்ணீர் வடிந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். இந்த இடத்தில் மட்டும் குடத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள், லாரித் தண்ணீர் வாங்கினாலும் லாபம்தான். என்ஜின், கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் ஆயில் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். டைனமோ, செல்ஃப் மோட்டாரைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் அலசுவதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

எடுத்த முதல் நாளே நாள் வாடகைக்கு ஓட்டலாமா?

முதல் இரண்டு மணி நேரம் சொந்த வயலில், மேலோட்டமாக, கொழு மட்டும் போட்டு ஓட்டுங்கள். பிரேக்கை இரண்டு பக்கமும் தனித்தனியே மிதித்து, சேர்த்து மிதித்துப் பாருங்கள், டிரம்முக்குள் துரு பிடித்திருந்தால் ஒரு பக்கம் இழுக்கும். ரொட்டவேட்டரை மாட்டினால் முதலில் தரையைத் தொடாமல் குறைந்த வேகத்தில் சுழலவிட்டுச் சத்தம் கேளுங்கள், பி.டி.ஓ. மூடி மாட்டியிருக்கட்டும், வேட்டியும் துண்டும் பக்கத்தில் வேண்டாம். மாலையில் நிறுத்தியதும் வீல் நட், கத்தி போல்ட், டாப் லிங்க் பின் எல்லாவற்றையும் ஸ்பானர் போட்டு ஒருமுறை இறுக்கி, செடிமென்ட் கிண்ணத்தை மறுபடி பாருங்கள். டேங்க் அடியில் கிடந்த தண்ணீர் முதல் நாள் குலுக்கலில்தான் அங்கே வந்து சேரும்.